எறும்புக்குக் கட்டமில்லை

பிப்ரவரி 12, 2024 – திங்கள்

இன்று நாவல்பாறையில் பதினோரு பேர். முதுகுவலி ஆய்வுக்கு இந்த மலையில் ஆள் தேடவே வேண்டாம். சாமைக்கொல்லையில் குனிந்த முதுகெல்லாம் வலிக்கத்தான் செய்கிறது. வலிக்கு எண் கேட்பதுதான் கஷ்டம். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாதது. ஏழும் அதற்கு மேலும் சொன்னவர்களை மட்டும் ஸ்கேனுக்குக் கீழே அனுப்புவோம். மற்றவர்களுக்கு மாத்திரை, குனிந்து நிமிரும் பயிற்சி, மாதம் ஒருமுறை நான்.

கடைசியாக வந்தவள் கன்னியம்மாள். நாற்பது வயதிருக்கும். இடுப்பில் வைத்த கையை எடுக்கவே இல்லை. "எத்தன போடட்டும்க்கா?" என்றேன்.

"பத்துன்னா இன்னா சிஸ்டர், சாவுறதா? நான் நடந்துதான வந்தேன். நாலு போட்டுக்கோங்க."

போட்டேன். உட்காரும்போது அவள் பல்லைக் கடித்ததைப் பார்த்தேன். பார்த்தும் நாலுதான். ஆலங்காயம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

மார்ச் 11 – திங்கள்

கன்னியம்மாளுக்கு வலி இப்போது இரண்டாம்.

"கொறஞ்சிட்ச்சி சிஸ்டர். ஆனா காலுல எறும்பு ஓடுது. குனிஞ்சி பாத்தா ஒண்ணும் இல்ல." சிரித்தாள். நானும் சிரித்தேன்.

படிவத்தில் இருப்பதைப் படித்தேன்: கால் மரத்துப்போகிறதா? "மரத்தெல்லாம் போவுல," என்றாள். 'இல்லை' கட்டத்தில் டிக் போட்டேன். பயிற்சியைச் செய்து காட்டச் சொன்னேன். நன்றாகவே குனிந்தாள். "சூப்பர்க்கா," என்றேன்.

எறும்பு என்று என் சின்ன நோட்டில் மட்டும் குறித்துக்கொண்டேன். படிவத்தில் அதற்கு இடமில்லை.

மார்ச் 12

ஆய்வை நடத்தும் டாக்டர் பிரியதர்ஷினி வாட்ஸ்அப் அனுப்பியிருந்தார்: 'நாலிலிருந்து இரண்டு! நல்ல வேலை, திரௌபதி.' நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

ஏப்ரல் 8 – திங்கள்

கன்னியம்மாள் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு மாணிக்கம்மாள்தான் சொன்னாள்.

"உங்களுக்குச் சேதியே தெரியாதா? பத்து நாளாச்சி. கொல்லையில உக்காந்தவ எழுந்திருக்கல. ரெண்டு காலும் வுழுந்துட்ச்சி. கட்டிலோட தூக்கினு போயி ஜீப்புல ஏத்துனாங்க. ஒண்ணுக்குப் போறதுகூட அவளுக்குத் தெரியல சிஸ்டர்."

இப்படி ஆள் இல்லாவிட்டால் 'வரவில்லை' என்று குறிக்க வேண்டும். குறிக்கவில்லை. பேனாவை மூடிவிட்டேன்.

ஏப்ரல் 10

லீவு போட்டுவிட்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கன்னியம்மாளுக்கு முதுகெலும்பில் காசநோய். சீழ் கட்டித் தண்டுவடத்தை அழுத்தியிருக்கிறது. ஆபரேஷன் முடிந்துவிட்டது. நடப்பாளா என்றால், ஆறு மாதம் போகட்டும் என்கிறார்கள். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வராந்தாவில் அவள் புருஷன் கோபால்சாமி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அதுவே தாங்கவில்லை.

"நீங்க குனிஞ்சி நிமிரச் சொன்னீங்களேம்மா... அதனாலயா?"

கோபத்தில் கேட்டிருந்தால் பரவாயில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். காசநோயால்தான் என்றேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

வலி ஏன் குறைந்தது? நரம்பு செத்துக்கொண்டிருந்தது, அதனால். அதற்குத்தான் எனக்குப் பாராட்டு. எறும்பு ஊருதுன்னா இன்னான்னு நர்சிங் படிச்சவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரியும்டி உனக்கு. பஸ்ஸு போய்டும்னு நாலு போட்ட. கட்டம் இல்லன்னு டிக் போட்ட.

ஏப்ரல் 12

டாக்டர் பிரியதர்ஷினி கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். ஆய்வுகளைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்கு அறிக்கை போக வேண்டும். அவரே எழுதி வைத்திருந்தார்: 'நோயாளி கால் தொடர்பான எந்த அறிகுறியையும் தெரிவிக்கவில்லை.' நான் கையெழுத்துப் போட்டால் போதும்.

"சொன்னாங்க மேடம். எறும்பு ஓடுதுன்னாங்க."

"நீங்க கேட்டீங்க, அவங்க இல்லன்னாங்க. ஃபார்ம்ல அதுதான இருக்கு?"

"எறும்புக்கு ஃபார்ம்ல கட்டம் இல்ல மேடம்."

நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "திரௌபதி, இது நின்னுபோனா இந்த மலைக்கு இன்னொரு ஆய்வு வராது. நல்லா யோசிங்க. உங்களுக்கும் பிரச்சினைதான்."

கெட்டவர் இல்லை. அவரும் அழுதிருக்கிறார், கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. அழுதுவிட்டுத்தான் அந்த வரியை எழுதியிருக்கிறார்.

ஏப்ரல் 15

கையெழுத்துப் போடவில்லை. என் கையாலேயே தனியாக எழுதினேன்: 'மார்ச் 11 அன்று காலில் எறும்பு ஓடுவதாகச் சொன்னார். நான் இல்லை என்று குறித்தேன்.' நோட்டுப் பக்கத்தின் நகலோடு குழுவுக்கு நேரடியாக அனுப்பிவிட்டேன்.

லேசாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

மே 2

என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஆள் குறைக்கிறார்களாம். குறைந்தது நான் ஒருத்திதான்.

ஜூலை 19

கணினியில் படிவங்களை ஏற்றும் ஜோயா போன் செய்தாள். ஆய்வு நிற்கவில்லை. கால் பற்றிய கேள்வியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: 'நோயாளியின் சொற்களில் எழுதவும்.' ஒரு வரி. இரண்டு காலுக்கு ஒரு வரி.

"கன்னியம்மாள்னு ஒருத்தங்க இருந்தாங்களேக்கா, அவங்கள 'விலகியவர்' லிஸ்ட்ல போட்டுட்டாங்க," என்றாள்.

விலகினாளாம்!

ஆகஸ்ட் 25 – ஞாயிறு

இப்போது ஆலங்காயத்தில் ஒரு கிளினிக்கில் ஊசி போடுகிறேன். ஞாயிறு லீவு. கன்னியம்மாளை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு நாவல்பாறை போனேன்.

புருஷன் பெண்டாட்டி இருவரையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சொன்ன எறும்பை, நான் போட்ட டிக்கை, முன்னாலேயே ஸ்கேனுக்கு அனுப்பியிருந்தால் கால் பிழைத்திருக்கலாம் என்பதை. கோபால்சாமி எழுந்து வெளியே போய்விட்டார். வெகுநேரம் வரவில்லை.

கன்னியம்மாள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போய்ட்டு வாங்க சிஸ்டர்," என்றாள்.

அக்டோபர் 6

மறுபடி கன்னியம்மாள் வீட்டுக்குப் போனேன். மருந்து அட்டையைப் பார்த்தேன், ஒருநாள்கூட விடவில்லை. முதுகில் படுக்கைப் புண் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் திரும்பிக் கொடுத்தாள்.

டிசம்பர் 8 – ஞாயிறு

வலது காலில் கட்டைவிரல் அசைகிறது. இடதில் ஒன்றுமில்லை. வாசல் வெயிலில் நாற்காலி போட்டு கோபால்சாமிதான் தூக்கி உட்காரவைத்தார். எனக்கும் ஒரு முக்காலி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனார்.

கால் நகம் நீளமாக வளர்ந்து கிடந்தது. வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன். காலைப் பார்த்தாள், வேறு யாருடைய காலையோ பார்ப்பது மாதிரி. சரி என்று தலையசைத்தாள்.

இடது காலில் மூன்றாவது விரலில் நகவெட்டி சதையைப் பிடித்துவிட்டது. ரத்தம் வந்தது. அவள் ரோட்டில் போகிற ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வெட்டிட்டேன். ரத்தம் வருது."

குனிந்து பார்த்தாள்.

"பஞ்சு மாடத்துல கீது, எடுத்தாம்மா," என்றாள். "இன்னும் ரெண்டு வெரலு கீது."