பவளத் தொட்டியைக் காலி செய்த மாதம்

ஜூன் 2
முடிவு செய்துவிட்டேன். கடல் மீன் தொட்டி இனி வேண்டாம். வாரா வாரம் உப்புக் கரைத்து நாலு வாளி தூக்கி ஊற்ற என் இடுப்பால் ஆகாது. முன்பு தூக்கியவன் தம்பி. அந்தத் திருட்டுப் பயலை நினைத்து நான் ஏன் உருகணும்? நல்ல தண்ணீர் ஊற்றி, அதில் வாழும் சிக்லிட் மீன் வளர்க்கப் போகிறேன்.

ஜூன் 5
மிச்சமிருந்த இரண்டு கோமாளி மீன்களையும் பவளங்களையும் மீன்கடைக்காரர் எடுத்துப்போனார். "இவ்ளோ பெரிய தொட்டிக்கு ரெண்டே மீனா மேடம்?"

ஒன்பது இருந்தன. தம்பி வேலை தேடி வந்து ஹாலில் படுத்திருந்த மூன்று மாதத்தில் ஏழு மீனைக் காணோம். செத்த உடம்புகூட இல்லை. மீனுக்கு றெக்கையா முளைக்கும்? வித்துட்டான். அவனை வெளியே அனுப்பிய இந்த எட்டு மாதத்தில் ஒன்றுகூடக் குறையவில்லை. வேறென்ன சாட்சி வேண்டும்?

ஜூன் 6
ஐயோ.

அதே நாள், மாலை
தொட்டிக் கற்களைக் கழுவ, குழாய்த் தண்ணீர் வாளியில் போட்டேன். பெரிய கல்லின் பொந்திலிருந்து பச்சையாக ஒரு ஜந்து பாய்ந்து வந்தது. உள்ளங்கை நீளம். வாளியை "டக்" என்று அடித்தது, சுத்தியல் பட்ட மாதிரி. அலறிக்கொண்டே கரண்டியால் அள்ளி, பழைய உப்புத்தண்ணீர் இருந்த வாளியில் போட்டேன். பொந்துக்குள் டார்ச் அடித்தால் — உடைந்த நத்தை ஓடுகள், மீன் முள்.

கடைக்காரருக்குப் படம் அனுப்பினேன். "மான்டிஸ் இறால் மேடம். கல்லோட ஒளிஞ்சு வந்திருக்கும். தூங்குற மீனை அடிச்சு உள்ள இழுத்துக்கும். கோமாளி மீனுங்க தண்ணிக்கு மேல்பக்கமா தூங்கும், அதான் தப்பிச்சிருக்கு."

தம்பி அப்பவே சொன்னான். "அக்கா, ராத்திரில தொட்டிக்குள்ள ஏதோ டக் டக்குனு தட்டுது." "கதை விடாதடா"ன்னேன். அவன் பையைத் தரையில கொட்டிப் பாத்தேனே. கூடப்பொறந்தவனோட பையை. நானா? நானேதான்.

ஜூன் 7
மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. படத்தை அனுப்பி, "நீ திருடலடா. தப்பு என்மேலதான்" என்று எழுதினேன்.

ஜூன் 8
வந்தான். எட்டு மாதத்தில் இளைத்துவிட்டான். மன்னிப்புக் கேட்டேன். அவன் வாளியையே பார்த்தான்.

"இதுவா தட்டிச்சு?"

"ஆமாடா."

"கொல்ல வேணாம். நான் எடுத்துட்டுப் போறேன். மூணு மாசம் ஒரே ஹால்ல படுத்திருந்தோமே."

மிச்ச உப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டான். காபி வேண்டாமென்றான். ஒரு தடவைகூட அக்கா என்று அவன் வாயில் வரவில்லை.

ஜூன் 30
தண்ணீர் பதமாகிவிட்டது. ஆறு சிக்லிட் விட்டேன். மஞ்சள்.

ஜூலை 11
காலையில் எண்ணினால் ஐந்துதான். வீட்டு வேலைக்கு வரும் அம்மா தரை துடைத்துக்கொண்டிருந்தார். அவரை நான் எதுவும் கேட்கவில்லை. மண்டியிட்டுத் தேடினேன். அலமாரிக்குப் பின்னால் காய்ந்து கிடந்தது.

தம்பிக்குப் போன் செய்தேன். எடுத்துவிட்டான்.

"மூடி போடலியாக்கா? அது குதிக்கும்ல. அளவு எடுத்து வை, ஞாயித்துக்கிழமை கண்ணாடி வெட்டி எடுத்துட்டு வர்றேன்."

அளவு எடுத்துவிட்டேன். சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் எடுத்தேன்.