பெண் பார்க்க வந்தவர்கள் முன்னே தூங்கிப்போனேன், அம்மா

எந்நேரமும் என் நெஞ்சோடு இருக்கும் அம்மாவுக்கு,

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. மந்தைவெளி வீட்டில் எல்லாரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நடந்ததை வேறு யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது, அம்மா.

எனக்குத் தைராய்டு என்று தெரிந்த நாளிலிருந்து, காலையில் வெறும் வயிற்றில் அந்தச் சின்ன மாத்திரையை என் கையில் வைத்தது நீதான். நீ போனபின் நானே எடுத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். சித்தி வரன் பார்க்க ஆரம்பித்த பிறகு எல்லாம் மாறியது. அவளைத் தப்பாக நினைக்காதே. அக்கா இடத்தில் நின்று எனக்கு ஒரு நல்லது செய்துவிட வேண்டும் என்ற தவிப்பு அவளுக்கு.

"ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிடற பொண்ணுன்னு தெரிஞ்சா யாருடி வருவாங்க?" என்றாள்.

மயிலாப்பூரில் அவளுடைய சிநேகிதி ஒருத்தி வீடு வீடாகப் போய்ச் சத்து மாத்திரை விற்கிறாள். கடல்பாசியில் செய்ததாம். எதிர்ப்பு சக்தியை ஏற்றி உடம்பைச் சமன்படுத்திவிடுமாம், அப்புறம் இங்கிலீஷ் மருந்தே வேண்டாமாம். டப்பா டப்பாவாக வந்து இறங்கியது. நான் பழைய மாத்திரையை நிறுத்தினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நோயில்லாத பெண்ணாகிவிட எனக்கும் ஆசையாக இருந்தது.

கத்திரி வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்க, நான் ஃபேனை நிறுத்திவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்தேன். குரல் கரகரத்தது, கழுத்து வீங்கியது. தி. நகர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்துகிறவள், மணமகள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவள் அம்மாவின் பெயர் இருந்ததைப் பார்க்காமல் விட்டேன். முதலாளி எல்லார் முன்னாலும் திட்டினார். கெட்டதெல்லாம் உடம்பைவிட்டு வெளியே போகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று சித்தி சொன்னாள். நம்பினேன்.

அந்த வாரமே அடையாறிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பிள்ளை, அவருடைய அம்மா, தங்கை. கழுத்து வீக்கம் தெரியக் கூடாது என்று சித்தி அகலமான அட்டிகையைக் கட்டிவிட்டாள். பொண்ணுக்கு உடம்புக்கு ஏதாவது உண்டா என்று அந்த அம்மா கேட்டார். ஒன்றுமே கிடையாது என்றாள் சித்தி. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு அந்தப் பிள்ளை என்னிடம் ஏதோ கேட்டிருக்கிறார். எனக்குத் தெரியாது. அவர்கள் எதிரிலேயே, உட்கார்ந்தபடி, நான் தூங்கிப்போயிருந்தேன். குறட்டை வேறு.

தங்கைக்காரிதான் தொட்டு எழுப்பினாள். பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

"எனக்குத் தைராய்டு இருக்குங்க. மாத்திரைய நிறுத்திட்டு கடல்பாசி மாத்திரை சாப்பிட்டேன். அதான் இப்படி" என்றேன். சித்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர்கள் மரியாதையாகக் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

மறுநாள் அப்பா என்னை நம் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. "உனக்கு எதிர்ப்பு சக்தி குறைச்சல் இல்லம்மா. அது ஆள் தெரியாம உன் சுரப்பியையே அடிக்குது. அத ஏத்தி என்ன பண்ணப்போற? கடல்பாசில இருக்கற அயோடின் உன்ன மாதிரி ஆளுக்கு இன்னும் கெடுதல்" என்றார். பழைய மாத்திரையை மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். மெதுவாகத் தெளிந்து வருகிறது. மிச்ச டப்பாக்களைச் சித்தியே குப்பையில் கொட்டிவிட்டு, என் கழுத்தைத் தடவி அழுதாள்.

கேள், நேற்று அந்தப் பிள்ளையின் தங்கை என்னைத் தேடி அச்சகத்துக்கே வந்தாள். அண்ணனுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். அதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தாள் என்று நினைத்தேன். துப்பட்டாவைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். அவளுக்கும் அதே வீக்கம்.

"வெளிய சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. நானும் அந்தப் பாசி மாத்திரைதான் சாப்பிடறேன். நீங்க அன்னிக்கு எல்லார் எதிர்லயும் சொன்னீங்களே, அதான் உங்ககிட்ட கேக்கலாம்னு வந்தேன்."

எனக்குத் தைரியம் இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், அம்மா. அவள் முகத்தைப் பார்க்கவே கூசியது. மாட்டிக்கொண்ட பிறகுதானே சொன்னேன்? அன்றைக்குத் தூங்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா? அட்டிகையோடேயே மணவறையில் போய் உட்கார்ந்திருக்க மாட்டேனா? நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

வருகிற சனிக்கிழமை அவளை நானே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போகிறேன். போகிற வழியில், நான் எப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பதையும் அவளிடம் மறைக்காமல் சொல்லிவிடுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் வயிற்றில் பிறந்தவள்,
வசந்தி