அரிசியளவு எலும்பு

ஜனவரி 9, வியாழன்
பங்குச் சாமியார் குரும்பலூரில் நான் ஆரி எம்பிராய்டரி வேலை செய்யும் கடைக்கே வந்துவிட்டார். கையில் பித்தளைச் சிமிழ். கண்ணாடிக்குள் அரிசியளவு எலும்பு, ஒரு புனிதருடையது. தேர்ப் பவனிக்கு அதைச் சுற்றி வெல்வெட்டில் மணி வேலை வேண்டுமாம். பின்பக்கம் சிவப்பு நூல், அரக்கு முத்திரை.

"முத்திர உடைஞ்சா யாரு எலும்புன்னு சாட்சி கெடையாதும்மா. பாத்து செய்."

ஐரோப்பாக் கோயில்களில் பட்டும் முத்தும் உடுத்திய புனிதர்களின் எலும்புக்கூடுகளைப் போனில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். விரலெலும்பில்கூட மோதிரம். கண்ணை எடுக்க முடியவில்லை. எரிச்சலாகவும் இருக்கிறது. அப்பாவின் எலும்பு கல்லறைச் சுவருக்கு இந்தப் பக்கம், கருவேல முள்ளுக்குள். அந்தப் பக்கம் ஊர்த்தெரு மேல்சாதிக்காரர்களுக்கு. ஒரே கோயில், ஒரே பூசை. செத்தால் மட்டும் சுவரா?

ஜனவரி 11, சனி
வெல்வெட்டில் சிமிழை வைத்தபடியே மணிகளைச் சூடான பசையால் ஒட்டினேன். தூக்கினால் அரக்கு இளகி வழிந்திருக்கிறது. நூல் அவிழ்ந்துவிட்டது. என்ன பண்ணிட்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு
போன வருஷம் தேர் வடத்தைத் தொட்டதற்கே ஊர்த்தெரு நாட்டாமை சவரிமுத்துவின் ஆட்கள் தம்பி அறிவரசன் கையை ஒடித்தார்கள். இது தெரிஞ்சா? தெருவையே கொளுத்துவானுங்க.

ஜனவரி 14, செவ்வாய்
பொங்கல் இறங்கவில்லை. வாசலில் பைக் நின்றாலே தம்பியை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறேன்.

ஜனவரி 16, வியாழன்
சாமியாரிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. தன் கையில் உடைந்ததாகச் சொல்லிக்கொள்கிறாராம். முத்திரை போனதை இனி பவனியில் வைக்கக் கூடாதாம்; எலும்பைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். தான் கல்லறைக்குப் போனால் நாலு பேர் கேட்பார்களாம்.

"கல்லறையில அடக்கம் பண்ணிடும்மா."

"எந்தப் பக்கம் சாமி?"

காலிச் சிமிழை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஜனவரி 17, வெள்ளி
அப்பாவின் தலைமாட்டில் புதைத்தேன். சாமியாரிடம் மட்டும் இடத்தைச் சொன்னேன். நன்றாகத் தூங்கினேன்.

ஜனவரி 22, புதன்
எலும்பு எங்கே என்று சவரிமுத்து துளைத்துக் கேட்டதில் சாமியார் இடத்தைச் சொல்லிவிட்டாராம். காலையில் ஓடினேன். எங்கள் பக்கம் முள்ளெல்லாம் வெட்டியிருக்கிறது. அப்பாவின் தலைமாட்டில் மல்லிகைச் சரம், மெழுகுவத்தி. செருப்பைக் கழற்றிவிட்டு சவரிமுத்து முழங்காலில்.

முத்திரை இல்லாவிட்டாலும் புனிதர் புனிதர்தானாம். சத்தம் போடாமல்தான் பேசினார்.

"இனிமே இது புனிதர் எடம் பாப்பா. உங்க ஆளுங்கள வேற எடம் பாக்கச் சொல்லு. ஒங்கப்பன எப்ப எடுத்துக்கிறீங்க?"

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. தோண்டி எடுத்தால் எதில் சுற்றுவது? கடையில் அந்த வெல்வெட்தான் இருக்கிறது.