தூங்கவில்லை என்று ஒரு வரி

மார்ச் 3, 2025, திங்கள்

வண்டியில் இன்று கேமரா மாட்டினார்கள். ஸ்டியரிங்குக்கு மேலே, என் மூஞ்சியைப் பார்த்தபடி. வண்டி ஓடும்போது இரண்டு விநாடிக்கு மேல் கண் மூடினால் கீச்சென்று கத்துமாம். கல்யாணத்துக்குப் பிறகு என் முகத்தை யாரும் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. மாமியார் என்று பெயர் வைத்துவிட்டேன்.

செய்தது ஸ்ரீவித்யா மேடத்தின் கம்பெனிதான். லாரிக்காரர்களுக்கும் பஸ்காரர்களுக்கும் விற்பதற்கு முன்னால், ஆபீஸ் கார் ஓட்டுகிற எங்களை வைத்துப் பரீட்சை. மேடத்தை மூன்று வருஷமாக நான்தான் மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு ஏற்றிப் போகிறேன். முன்பு செங்கல்பட்டு கோர்ட்டில் வக்கீல். கம்பெனிக்கு வந்த புதிதில் ஒப்பந்தம் படித்துக் கொடுக்கிற வேலை. இப்போது மெஷினெல்லாம் நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கிற பிரிவுக்கே தலைவி.

"அது இன்னா வேலை மேடம், மெஷினுக்கு வக்கீலா, எங்களுக்கு வக்கீலா?"

"ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்கறது அண்ணா."

"நடுவுலன்னா டிராபிக் போலீஸு. வெயில்ல நிக்கணும், பாத்துக்கங்க."

சிரித்தார்கள். நல்ல மனுஷி. வாயைத் திறந்து சிரிக்கிற மேடம் இந்த லைனில் இவர்கள் ஒருத்திதான்.

மார்ச் 11, செவ்வாய்

மேடம் நோட்டும் பேனாவுமாக ஏறினார்கள். டிரைவரைக் கேட்காமல் டிரைவருக்கு விதி எழுதக் கூடாதாம்.

"கேமராவுல சத்தமும் பதிவாகுது அண்ணா. உங்களுக்குச் சம்மதமா?"

"ஐயோ, சத்தம் வேணாம் மேடம். சக்திவேல் சாரப் பத்தி நான் போன்ல பேசறதக் கேட்டா, அன்னிக்கே என் சீட்டக் கிழிச்சுடுவாரு."

சக்திவேல் எங்கள் டிராவல்ஸ் சூப்பர்வைசர். நல்லவர்தான், அவரைத் திட்டாமல் எங்களுக்குப் பொழுது போகாது. மேடம் எழுதிக்கொண்டார்கள். பின்சீட்டில் இருப்பவர் முகமும் தெரியக் கூடாது என்று அவர்களே சேர்த்தார்கள். அப்புறம் ஒன்று சொன்னார்கள். மூன்று தடவை கத்தினால் அந்த டிரைவரை எடுத்துவிடும்படி மெஷின் சொல்லும். ஆனால் மெஷின் சொன்னது என்பதற்காக யாரையும் எடுத்துவிட முடியாது. ஒரு மனுஷர் வீடியோ பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். சண்டை போட்டு வாங்கிய விதியாம்.

"யாரு மேடம் அந்த மனுஷரு?"

"நான்தான் அண்ணா."

அப்புறம் என்ன!

மார்ச் 24, திங்கள்

சத்தத்தை எடுத்துவிட்டார்கள். அஞ்சாங்கிளாஸ் படித்தவன் வாயிலிருந்து ஒரு சட்டம்! என் பெண்டாட்டி தபீதாளிடம் பெருமையாகச் சொன்னேன். "முதல்ல நம்ம வூட்டுக்கு ஒரு சட்டம் போடு, ஈரத்துண்ட கட்டில்ல போடக் கூடாதுன்னு" என்றாள்.

ஏப்ரல் 9, புதன்

மாமியார் கத்திவிட்டது.

மேடவாக்கம் கூட்ரோட்டில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. மேடத்துக்குப் போன். "சோழிங்கநல்லூர் வந்துட்டேன், அஞ்சு நிமிஷம்" என்கிறார்கள். போனை வைத்ததும் கேட்டேன்: "பொய் சொல்லாம பாத்துக்கற டிபார்ட்மெண்டு நீங்கதான மேடம்?"

"பொய் இல்ல அண்ணா. எதிர்பார்ப்பு."

விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்தால் எனக்குக் கண் மூடிவிடும். கன்னம் மேலே ஏறிக் கண்ணைத் தின்றுவிடும். கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்திலும் எனக்குக் கண் கிடையாது.

சாயங்காலம் சக்திவேல்: "இன்னா எட்மண்ட், வண்டில தூங்கினியாமே?"

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

இரண்டாவது கத்தல். இன்று சிரிக்கவே கூடாது என்று ஜெபம் பண்ணிவிட்டுத்தான் சீட்டில் உட்கார்ந்தேன். அதைப் போய் மேடத்திடம் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

மே 2, வெள்ளி

மூன்று ஆகிவிட்டது. சக்திவேல் சாவியை வாங்கிக்கொண்டார்.

இருபத்தாறு வருஷம். ஒரு நாயைக்கூட இடித்தது இல்லை. முடிவு எனக்கு எதிராக வந்தால் இந்தக் கம்பெனி மட்டும் இல்லையாம். தூங்கி ஓட்டுபவன் என்று ஒரு பட்டியலில் பெயர் ஏறிவிடும். கம்பெனிகளுக்கு வண்டி விடுகிற எல்லா டிராவல்ஸும் அந்தப் பட்டியலைப் பார்ப்பார்கள். ஐம்பத்தொரு வயதில் நான் வேறென்ன ஓட்டுவது, தையல் மெஷினா?

என் பக்கத்தை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். "தூங்கவில்லை. சிரித்தேன்" என்று எழுதினேன். வேறு என்ன எழுத இருக்கிறது?

ஆனால் பயம் இல்லை. வீடியோ பார்க்கப் போவது மேடம். மூன்று தடவையும் பின்சீட்டில் இருந்ததும் மேடம். கடவுள் இதைவிட வசதியாக ஒரு கேஸை அமைக்க முடியுமா?

மே 6, செவ்வாய்

காலையில் மேடவாக்கம் போய் அவர்கள் அபார்ட்மெண்ட் கேட்டில் நின்றேன். வேறு கார் வந்திருந்தது. என்னைப் பார்த்ததும் மேடத்தின் முகம் மாறிவிட்டது.

"அண்ணா, உங்க கேஸ நான் பாக்கல. ஒதுங்கிக்கிட்டேன். என் டீம்ல நிகில்னு ஒருத்தர் பாக்கறார்."

"ஏன் மேடம்?"

"நீங்க எனக்குத் தெரிஞ்சவர். அதோட நான் இருந்த வண்டி. நானே தீர்ப்புச் சொன்னா அது நியாயம் இல்ல."

"சரி, தீர்ப்பு வேணாம். சாட்சி சொல்லுங்க. சிரிச்சத நீங்க பாத்தீங்க இல்ல?"

"நிகில் எனக்குக் கீழ வேலை பாக்கறவர். நான் ஒரு வார்த்தை சொன்னாலும் அது அவர் மேல அழுத்தம் ஆயிடும். புரிஞ்சுக்கங்க அண்ணா, பிளீஸ். வீடியோ இருக்கு. அதப் பாத்தா அவருக்கே தெரியும்."

"வீடியோல சத்தம் இல்லியே மேடம்."

புது டிரைவர் ஹார்ன் அடித்தான். மேடம் ஏறிப் போய்விட்டார்கள்.

மே 8, வியாழன்

எனக்கு ஒண்ணு புரியல. பாத்தவங்க சொல்லக் கூடாது. பாக்காதவன் சொல்லலாம். இது இன்னா நாயம்? மூணு வருசம். புயல்ல பள்ளிக்கரணை தண்ணில வண்டிய வுட்டுட்டு, அவங்க பைய என் தலைல வச்சுகினு நடந்தேன். அப்ப தெரிஞ்சவனா இருந்தது தப்பு இல்ல. இப்ப தப்பு.

தபீதாள் சொல்கிறாள்: "அவங்கள திட்டாத. அவங்க வேலைய அவங்க சுத்தமா செய்யறாங்க."

அதுதான்டி. அதுதான்.

மே 14, புதன்

கடிதம் வந்தது. தமிழிலேயே அனுப்பியிருக்கிறார்கள், டிரைவருக்குப் புரிகிற மொழியில்தான் தர வேண்டும் என்பது மேடத்தின் விதி. நிதானமாக இரண்டு தடவை படித்தேன்.

"மூன்று நிகழ்வுகளிலும் கண்கள் மூடியுள்ளன. தலை சாய்ந்து குலுங்குகிறது. தாம் சிரித்ததாக ஓட்டுநர் கூறுகிறார். உறுதிப்படுத்த ஒலிப்பதிவு இல்லை. உடன் பயணித்தவரின் வாக்குமூலம் பெறப்படவில்லை. தூக்கமாகவே கருதப்படுகிறது."

சத்தம் வேண்டாம் என்றவன் நான். சாட்சி சொல்ல மாட்டேன் என்றது மேடம். நடுவில் நிகில் என்ன செய்வான்? அவனைத் திட்டவும் வழி இல்லாமல் போய்விட்டது.

மே 30, வெள்ளி

தபீதாள் போனை நீட்டினாள். மேடையில் ஸ்ரீவித்யா மேடம், கையில் கேடயம். பெங்களூரில் ஏதோ மாநாடு. பக்கத்து வீட்டு ஜென்சி டீச்சரிடம் கொடுத்து இங்கிலீஷைப் படிக்கச் சொன்னேன். தனக்குத் தெரிந்த ஒருவரின் வழக்கிலிருந்து தானே ஒதுங்கி நின்று எல்லோருக்கும் முன்மாதிரி ஆனாராம். இனி வெளிநாட்டு ஆபீஸ்களுக்கும் அவர்தான் தலைமையாம்.

"யாருண்ணா அந்தத் தெரிஞ்சவரு, பெரிய ஆளா?" என்றார் டீச்சர்.

"ரொம்பப் பெரிய ஆளு டீச்சர். தூங்கிகினே மேடவாக்கம் தாண்டுவாரு."

டீச்சர் சிரித்தார். எனக்குத்தான் வரவில்லை.

ஜூன் 19, வியாழன்

வேலை கேட்டுப் படப்பை போனேன். ஒரகடம் கம்பெனிகளுக்கு வேன் விடுகிற டிராவல்ஸ். பேச்செல்லாம் நன்றாகத்தான் போனது. லைசென்ஸ் நம்பரைத் தட்டினான், கம்ப்யூட்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க அண்ணா" என்றான்.

ஜூலை 7, திங்கள்

அதையேதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

செப்டம்பர் 18, வியாழன்

தண்ணீர் லாரிக்கு இது ஆறாவது வாரம். இதில் கேமரா இல்லை. பிரேக்கும் அவ்வளவாக இல்லை.

மூன்றாவது நடை மேடம் இருக்கிற அபார்ட்மெண்ட். தொட்டியில் ஓஸ் பைப்பைப் போட்டுவிட்டு நிற்கிறேன், மேடமே இறங்கி வருகிறார்கள். செக்யூரிட்டி சொல்லியிருப்பான். இளைத்திருந்தார்கள்.

"அண்ணா, உங்களத் தேடிக்கிட்டே இருந்தேன். போன் போகல."

"நம்பர் மாத்திட்டேன் மேடம். பழைய நம்பர்ல எல்லாரும் ரெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க."

சிரிக்கவில்லை. கையில் ஒரு காகிதம். கேமராவைத் திருத்திவிட்டார்களாம். சிரிப்பு வேறு, தூக்கம் வேறு என்று அதற்கு இப்போது தெரியுமாம். என் கேஸினால்தான். அதை அடுத்த மாநாட்டில் சொல்லப் போகிறார்கள். சொல்வதற்கு என் சம்மதம் வேண்டும். கேட்காமல் சொல்வது தப்பு.

"அப்ப என் பேர அந்தப் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டாங்களா?"

"விசாரணை முடிஞ்சு தொண்ணூறு நாள்ல வீடியோவ அழிச்சுடுவாங்க அண்ணா. உங்க நன்மைக்குத்தான் அந்த விதி. இப்ப திரும்பிப் பாக்க எதுவும் இல்ல."

"வீடியோ வேணாம் மேடம். நீங்க இருக்கீங்களே. இந்தப் பேப்பர்ல ஒரே ஒரு வரி. எட்மண்ட் தூங்கல, நான் பாத்தேன்னு. போடுங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

"முடிஞ்ச கேஸ்ல நான் அப்படி எழுத முடியாது அண்ணா. 'தூங்கியதாகப் பதிவான ஓட்டுநர்'னுதான் போடலாம். ஆனா உங்க பேர் எங்கயும் வராது. ஓட்டுநர் ஏழுன்னுதான் இருக்கும்."

"ஏழா? மீதி ஆறு பேரு எங்க தூங்கறாங்க மேடம்?"

என்னையறியாமல் வந்துவிட்டது. மேடத்துக்கும் அடக்க முடியவில்லை. காகிதத்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், பழைய மாதிரியே, தோள் குலுங்க. அத்தனை நாள் என் முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்கள்; முகத்துக்கு நேரே இன்றுதான் பார்க்கிறேன். கண் இரண்டும் இறுக மூடியிருந்தன. மனதுக்குள் எண்ணினேன். மூன்று விநாடி வரை வந்தது. அவர்கள் கண்ணைத் திறந்தபோது ஈரமாக இருந்தது.

கையெழுத்துப் போடவில்லை. ஓஸைச் சுருட்டி ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மேடம் தூங்கவில்லை. எதிரில் நின்று பார்த்தேன். யார் கேட்டாலும் வந்து சொல்வேன்.