நான்காம் பக்கத்தில் ஒரு வரி

மேக்கன், ஜார்ஜியா
6 நவம்பர் 1917, செவ்வாய்

லூஷியஸுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. நலமாக இரு. எட்டு வருஷத்துக்கு முன் நம் அச்சகத்தை வெள்ளையர் கும்பல் அடித்து நொறுக்கிய மறுநாளே நீ சிகாகோவுக்கு ரயிலேறினாய். அங்கே உட்கார்ந்துகொண்டு, தெற்கே இருப்பவர்கள் அஞ்சக்கூடாது என்று தலையங்கம் எழுதுகிறாய். தவறாமல் படிக்கிறேன். நடை நன்றாக இருக்கிறது.

போன மாதம் மர ஆலையில் வேலைபார்த்த ஈபன் புரூயிட்டைச் சிறையிலிருந்து இழுத்துப்போய்த் தூக்கிலிட்டார்கள். கூட்டம் பூட்டை உடைத்ததாக வெள்ளையர் பத்திரிகை எழுதியது. காவலரே சாவி போட்டுத் திறந்துவிட்டார் என்று நான் எழுதினேன். சிறைக்கு வெளுத்த துணி கொடுக்கப்போன ஒடெஸ்ஸா ஃபிஞ்ச் அதைக் கண்ணால் பார்த்தவள். பெயரைப் போடவில்லை, ஒரு சாட்சி என்று மட்டும் எழுதினேன்.

அதே இதழின் நான்காம் பக்கத்தில் என் புத்தி கெட்டது. யார் யார் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனார்கள் என்று தேவாலயச் சபைகளிலிருந்து துண்டுச்சீட்டு வருமே, ஒன்றுவிடாமல் போடுவோமே. நம் கறுப்பினப் பெண்களைத் திருமதி என்று வெள்ளையர் பத்திரிகைகள் எழுதமாட்டா என்பதற்காகவே நாம் எழுதுவோம். 'திருமதி ஒடெஸ்ஸா ஃபிஞ்ச் பக்கத்து ஊரான டப்ளினில் உள்ள தங்கை வீட்டுக்கு அவசரமாகச் சென்றிருக்கிறார். திரும்பும் நாள் தெரியவில்லை.' என் கைதான் பழக்கத்தில் அச்சுக் கோத்தது.

மூன்றாம் நாள் அந்த வீட்டைக் கொளுத்தினார்கள். ஒடெஸ்ஸாவும் தங்கையும் பிள்ளைகளும் தப்பினார்கள். வேறு யாரும் கதவு திறக்காததால், ஒடெஸ்ஸா பருத்தி வண்டியில் மறைந்து இங்கேயே திரும்பிவிட்டாள். அச்சகத்தில் என் காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள். வந்ததும் சொன்னாள்: “நான் எங்க இருக்கேன்னு ஊருக்கே சொல்லிட்டீங்களே ஐயா. என்ன சாப்பிட்டேன்னும் போட்டிருக்கலாம்.”

நேற்று வெள்ளைக்காரப் பருத்தி வியாபாரி ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும். எனக்கு ஐம்பத்திரண்டு. “நீ படிச்சவன், ஆம்ப்ரோஸ். சாட்சி கீட்சி எல்லாம் பொய்னு சனிக்கிழமை பேப்பர்ல போட்டுடு. அந்தப் பொம்பளைய அனுப்பி வை. அப்புறம் உன் பாட்டுக்கு மிஷினை ஓட்டு.”

எந்தப் பெண் என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போனார். அப்போதிருந்து எதிர்க்கடை வாசலில் இரண்டு பேர் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ரயில் நிலையத்தில் வடக்கே போக நம்மவர்களுக்குச் சீட்டு கொடுப்பதில்லை.

நம் பத்திரிகைக் கட்டுகளை ஒளித்துக் கொண்டுபோகும் ரயில் பணியாளர் ஜாஸ்பரை உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை அவர் தோழர் இன்று கொண்டுவருகிறார். ஜாஸ்பர் வியாழன் மதியம் ஒடெஸ்ஸாவைப் பின்சந்து வழியாக அழைத்துப்போய், தூங்கும் பெட்டியில் படுக்கைத் துணி வைக்கும் அலமாரியில் மறைத்துக் கூட்டிவருவார். ஒருவருக்குத்தான் இடம். இருவருக்கு இருந்தாலும் நான் வர முடியாது. அச்சு இயந்திரச் சத்தம் நின்றால் எதிரே இருப்பவர்கள் எழுந்து வந்துவிடுவார்கள். சனிக்கிழமைவரை ஓட்டிக்கொண்டிருப்பேன். ஆனால் அதில் அச்சாகப்போவது அவர்கள் கேட்ட மறுப்பு அல்ல.

வெள்ளி மாலை நீயே நேரில் நிலையத்துக்குப் போ, ஆளை அனுப்பாதே. அவளிடம் கம்பளி எதுவும் இல்லை. அவள் சொல்வதை அவள் சொன்னபடியே போடு. உன் நடை வேண்டாம். இந்தமுறை தன் பெயரையும் போடச் சொல்கிறாள்.

எனக்குப் பதில் எழுதாதே. அவள் சொன்னது வரும் இதழில் நூறு பிரதி சேர்த்து இங்கே அனுப்பு. நான் இல்லாவிட்டாலும் எந்தெந்த வீட்டில் கொடுப்பது என்று ஜாஸ்பருக்குத் தெரியும்.

கர்த்தர் உன் கதவைத் திறந்தே வைக்கட்டும்.

ஆம்ப்ரோஸ் டில்மன்