பெயரோடு ஒட்டிக்கொண்ட வியாழக்கிழமை

இன்று காலை மருத்துவமனை கவுன்ட்டரில் ஒரு பெரியம்மா தன் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். மணமேல்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். திரையில் நம் கணினி அனுப்பிய செய்தி: "ஆயிஷா பீவி வியாழக்கிழமை அவர்களே, இன்று மருத்துவரைப் பார்க்க வரவும்."

"எம் பேரு ஆயிஷா பீவிம்மா. வியாழக்கிழமைய எவன் சேத்தான்? என்னப் பெத்த அத்தா வைக்கலையே!"

வரிசையே சிரித்தது. இன்று திங்கள். அவருடைய டாக்டர் வியாழனன்றுதான் வருவார்.

எனக்கு நீ நினைவுக்கு வந்தாய், தோழி. நோயாளிகளுக்குச் செய்தி அனுப்பும் இந்தக் கணினி நிரலை நீ எழுதிய முதல் வாரம், சோதனைக்காக உனக்கே ஒரு செய்தி அனுப்பினாய். பெயரையும் கிழமையையும் அடைப்புக்குறிக்குள் போட்டு நடுவில் காற்புள்ளி வைத்திருந்தோம். மற்ற கணினி மொழிகளில் அப்படித்தான் எழுதிப் பழக்கம். இந்த நிரலின் மொழியோ இரண்டையும் ஒரே பொருளாக எடுத்து, பெயருக்கான இடத்தில் வைத்துவிட்டது. கிழமைக்கான இடம் காலி. காலியாக இருந்தால் 'இன்று' என்று போடும்படி நாம்தான் எழுதியிருந்தோம். உன் பெயரோடு சனிக்கிழமை ஒட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து மேசையைத் தட்டிச் சிரித்தாய்.

"பிராக்கெட் போட்டா ரெண்டு பேத்தையும் ஒரே சீட்டுல ஒக்கார வச்சுருதுடி. சும்மா எடம் விட்டு எழுது, தனித்தனியா ஒக்காரும்."

அடைப்புக்குறியை எடுத்தாய். நீ காய்ச்சலில் போய்ச் சேரும்வரை ஒரு செய்திகூடத் தப்பாகப் போனதில்லை.

மதியம் கணினிப் பிரிவு மேலாளர் கூப்பிட்டார். "அந்தப் புள்ள எழுதுன புரோகிராம்தானம்மா. பாவம், போயிருச்சு. மன்னிச்சு விட்டுருவோம். அது பேரப் போட்டு ரிப்போர்ட் எழுதிக் குடுத்துருங்க."

மன்னிப்பாம்! நீ எழுதிய பழைய பிரதியை அவர் முன்னாலேயே ஓட்டிக் காட்டினேன். பெயர் வேறாக, கிழமை வேறாகச் சரியாக வந்தது. போன வாரம் "பாக்க ஒழுங்கா இல்லையே" என்று அடைப்புக்குறி சேர்த்தவர் அவர்தான். புதுப் பிரதியில் மாற்றியவர் என்ற இடத்தில் அவர் பெயரே இருந்தது.

அந்தப் பக்கத்தை மூடினார். "சரிம்மா, அது பேர்ல போனா யாருக்கு என்ன நட்டம்? ஆளுதான் இல்லையே."

"அதுனாலதான் சார் நான் பேசுறேன்."

"ஒங்க வேலையையும் பாத்துக்கங்க."

"பாத்துக்கிட்டுதான் சார் இருக்கேன்."

பயந்துகொண்டேதான் சொன்னேன். நாம் சேர்ந்து போன நேர்முகத் தேர்வில், கல்யாணமானால் வேலையை விட்டுவிடுவாயா என்று கேட்டவரிடம், பக்கத்தில் இருந்த பையனைக் காட்டி, "இவருகிட்டயும் கேட்டீங்களா சார்?" என்றவள் நீ. அன்று நான் பயந்து உன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். அறந்தாங்கிக்காரி உனக்கு வாய் நீளம் என்று அலுவலகமே சொன்னது. சொல்லட்டும்.

அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். நாளை என்ன ஆகும் என்று தெரியாது. அமைதியாக உறங்கு என்று உனக்கு எல்லோரும் எழுதினார்கள். நான் எழுத மாட்டேன். உன் கோபம் என்னிடம் இருக்கிறது. அதை நான் பத்திரப்படுத்தி வைக்கவில்லை, செலவழித்துக்கொண்டிருக்கிறேன்.