கப்பலில் துவைக்கப் போட்ட உன் கஃப்தான்

என் ஆசை அம்மாவுக்கு,

கப்பலை விட்டு இறங்கி நான்கு நாளாகிறது. வாஷிங் மெஷின் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், சொன்னால் திட்டுவாய் என்றும் தெரியும். திட்டு. திட்டுவதற்காகவாவது நீ வந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

நீ ஆசைப்பட்ட அதே கப்பல் பயணம். போர்ட் கிள்ளானில் ஏறி, கொழும்பு, கொச்சி என்று போய்த் திரும்பப் பதினான்கு நாள். முப்பது வருஷம் போர்ட்டில் கணக்கெழுதும் கிராணியாக உட்கார்ந்து, வந்த கப்பல் போன கப்பலையெல்லாம் எழுதி வைத்த மனுஷன், பெண்டாட்டியை ஒரு கப்பலிலாவது ஏற்றினாரா என்று அப்பாவைக் குத்திக்கொண்டே இருப்பாயே? உன் முதல் வருஷத் திதி முடிந்த கையோடு நான் டிக்கெட் போட்டுவிட்டேன். "திதி முடிஞ்சு ஒரு மாசம் ஆவல, அதுக்குள்ள கப்பல் கேக்குதா உங்களுக்கு?" என்று அத்தை ஃபோன் போட்டுக் கேட்டார். உன் நாத்தனாரைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் நானும் அப்பாவும் மட்டும்தான் போனோம்.

பெட்டி கட்டும்போதே சண்டை. ஆளுக்கு ஏழு செட் போதும், பாதி வழியில் ஒரு தடவை துவைத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. இருபது வருஷமாக பிரிக்பீல்ட்ஸ் ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் பார்க்கிறவள் நான், துணி விஷயத்தில் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம் என்கிற திமிரும் கூடவே இருந்தது. சுபாங் ஜெயாவில் என் வீட்டிலிருந்து உங்கள் கிள்ளான் வீட்டுக்குப் போய் அப்பாவின் பையைத் திறக்கப் பார்த்தேன். வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"என் பைய நானே கட்டிக்கிறேன். நீ தொட வேணாம்."

"பதினாலு சட்டை எதுக்குப்பா? அதோட தலகாணி வேறயா? கப்பல்ல தலகாணி இல்லாமலா இருக்கும்?"

"எனக்கு என் தலகாணி இல்லாம தூக்கம் வராது லா. விடு."

வயசானால் இப்படித்தான் பிடிவாதம் வரும் என்று முணுமுணுத்துக்கொண்டு விட்டுவிட்டேன். ஏன் என் கை அந்தப் பையில் படக் கூடாது என்று நினைத்தார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. உனக்கு உறைத்திருக்கும். நீ இருந்திருந்தால் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருப்பாய்.

அம்மா, உன் கருமாதி முடிந்த மறுநாள் உன் அலமாரியைக் காலி செய்தது நான்தான். செத்தவர்கள் துணி வீட்டில் இருக்கக் கூடாது, யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்று அத்தை சொன்னார். மற்ற நாளில் அத்தை சொன்னால் எதிர்த்துப் பேசுகிறவள், அன்றைக்கு மட்டும் சரி என்று எழுந்தேன். சேலை, ரவிக்கை, கஃப்தான், உன் குளிர் சட்டை எல்லாவற்றையும் கறுப்புப் பையில் போட்டு, ஒரே காலையில் நாலு மூட்டை கட்டி, ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தேன். அப்பா ஹாலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கப்பலுக்குள் நுழையும்போதே என் திமிருக்கு முதல் அடி விழுந்தது. பெட்டியில் இருந்த குட்டி இஸ்திரிப் பெட்டியை செக்யூரிட்டி எடுத்து வைத்துக்கொண்டார்கள், இறங்கும்போது வாங்கிக்கொள்ளச் சொல்லி. தீப்பிடிக்குமாம். பால்கனியில் துணி காயப்போடவும் கூடாது. குளியலறைச் சுவரிலிருந்து இழுத்தால் வருகிற ஒரு மெல்லிய கயிறு மட்டும்தான். உள்ளாடைகளைக் கை கழுவும் தொட்டியில் அலசி அதில் தொங்கவிட்டேன். ஏசி குளிரில் இரண்டு நாளாகியும் ஈரம் போகவில்லை. அப்பாவோ யாருக்கும் தெரியாமல் கைலியை பால்கனி நாற்காலியில் கட்டிவைத்தார். ரூம் பார்க்கிற ஹெரு வந்து சிரித்துக்கொண்டே அதை அவிழ்த்து மடித்துக் கொடுத்துவிட்டுப் போனான். ஹெரு இந்தோனேசியாக்காரன், நாற்பது வயதிருக்கும். அவனோடு மலாயில் பேசிக்கொள்ள முடிந்ததே பெரிய ஆறுதல்.

ஆறாம் நாள் காலையில் கட்டில்மேல் ஒரு பெரிய காகிதப் பையும் சீட்டும் இருந்தன. இந்தப் பையில் எவ்வளவு அடைத்தாலும் ஒரே விலைக்குத் துவைத்துத் தருவார்களாம், பையின் வாய் மூடினால் போதுமாம். நம் வீட்டு ஆட்களிடம் இப்படி ஒன்றைச் சொல்லலாமா அம்மா? சட்டை ஒவ்வொன்றையும் ஒட்டச் சுருட்டினேன். காலுறையைச் சட்டைக்குள் திணித்தேன். பையை வைத்து அதன்மேல் முட்டி போட்டு அமுக்கினேன். அப்புறமும் மூலையில் ஒரு கையளவு இடம் இருந்தது. அதை வீணாக்க மனசு வரவில்லை.

அப்பா மேல்தளத்தில் நடக்கப் போயிருந்தார். அவர் தலையணை கண்ணில் பட்டது. உறையெல்லாம் தலைக்கு வைக்கும் எண்ணெய்ப் பிசுக்கு. ஒரே இழுப்பில் உருவித் திணித்து, பையின் வாயை மூடி, வாசலில் வைத்தேன். ஹெரு எடுத்துக்கொண்டு போனான்.

உறையை உருவினால் உதறிவிட்டுத்தான் மூட்டையில் போட வேண்டும். கெஸ்ட் எதையாவது உள்ளே வைத்திருப்பார்கள். இதை நான் ஹோட்டலில் என் கீழ் வேலை பார்க்கும் பெண்களுக்குத் தினமும் காலையில் சொல்கிறேன். உதறாமல் போட்ட ஒரு பெண்ணை எல்லார் முன்னாலும் ஏசியும் இருக்கிறேன். அன்றைக்கு நானே உதறவில்லை.

அரை மணி நேரத்தில் அப்பா வந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே கட்டிலைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தலகாணி உறை எங்கம்மா?"

"துவைக்கப் போட்டேன்ப்பா. எவ்ளோ பிசுக்கு தெரியுமா?"

வெறும் தலையணையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார்.

"உள்ள இருந்தத எடுத்து வெச்சியா?"

"உள்ள என்ன இருந்துச்சு?"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். "உங்கம்மா கஃப்தான். ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்குக் காலையில போட்டிருந்தது. பச்சை பாத்தேக் பூப்போட்டது. அழுக்குக் கூடையில கெடந்துச்சு. துவைக்கல நான்."

பதின்மூன்று மாசம் அம்மா. நான் உன் அலமாரியைத்தான் காலி செய்தேன், அழுக்குக் கூடையைப் பார்க்கவில்லை. அந்த ஒன்றை எடுத்து மடித்து, உறைக்குள் வைத்து, அதன்மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத் தெரியாமல். எனக்குத் தெரிந்தால் அதையும் கொடுத்துவிடுவேன் என்று பயந்து.

கப்பல் வரவேற்புக்கு ஃபோன் செய்தால், நாளை மாலை துணி வந்துவிடும் மேடம் என்று ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள். துவைக்க வேண்டாம், நிறுத்துங்கள் என்றேன். சொல்லிவிடுகிறோம் என்றாள். அந்தச் 'சொல்லிவிடுகிறோம்' எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். நானும் கெஸ்ட்டிடம் அதைத்தான் சொல்வேன். பை போனதும் துணியைப் பிரிப்பார்கள். வெள்ளை முதலில் போகும், கொதிக்கிற தண்ணீரில், ப்ளீச்சோடு. அப்பாவின் தலையணை உறை வெள்ளை.

நடைபாதையில் ஓடினேன். இரண்டு ரூம் தள்ளி ஹெரு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தான். பை கீழே போய்விட்டது, பயணிகள் அங்கே போக முடியாது, நாளைக்கு வந்துவிடும் என்று அவனும் அதையே ஆரம்பித்தான்.

"பாங், தோலோங் லா. இத்து பாஜு ஆர்வா மக் சாயா."

அண்ணே, உதவி செய்யுங்கள், அது காலமான என் அம்மாவின் துணி. அவ்வளவுதான் சொன்னேன். ஆனால் 'காலமான' என்று பொருள்படும் 'ஆர்வா' என்ற அந்த வார்த்தையை 'அம்மா'வுக்கு முன்னால் வைத்து நான் சொன்னது அதுதான் முதல் தடவை அம்மா. எல்லாரிடமும் 'அம்மா இல்ல' என்று சொல்லியே ஒரு வருஷம் ஓட்டிவிட்டேன். ஹெருவின் முகம் மாறியது. கையிலிருந்த விரிப்பைக் கீழே போட்டான். "துவைக்கவே இல்லையா?" என்று கேட்டான். ஆமாம், தலையணை உறைக்குள் இருக்கிற பச்சைத் துணி என்றேன். படிக்கட்டில் இறங்கி ஓடினான்.

ஊழியர்கள் மட்டும் போகிற இரும்புக் கதவு வரை போய் நின்றேன். அப்பா வெறுங்காலோடு பின்னாலேயே வந்து நின்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பிரிக்கப் பத்து நிமிஷம். மெஷினில் ஏற்ற ஐந்து நிமிஷம். தண்ணீர் நிரம்ப எவ்வளவு? என் ஹோட்டல் மெஷின் வேறு, இது வேறு. கதவுக்கு அந்தப் பக்கம் இரைச்சல் கேட்டது, அது மெஷினா கப்பலின் இன்ஜினா என்று தெரியவில்லை. கால் மணி நேரம் போனது. ஹெரு வரவில்லை.

"அன்னிக்கும் நீ என்னைக் கேக்கல" என்றார் அப்பா. குரல் உயரவில்லை. "நாலு மூட்டை. ஒவ்வொண்ணா என் கால்கிட்டதான் தூக்கிக்கிட்டுப் போன."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் புத்தியே அப்படித்தானே, தப்பு என் மேல் இருந்தால் கோபம் முதலில் வரும். "வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லப்பா? வாயில்லையா உங்களுக்கு?"

"நீ அழாம வேல செஞ்சிக்கிட்டு இருந்த. நிறுத்தினா ஒடஞ்சிருவியோன்னு பயமா இருந்துச்சு. அதான் விட்டுட்டேன்."

அந்த இரும்புக் கதவுக்கு முன்னால் நின்று அழுதேன். கருமாதியன்றுகூட நான் அப்படி அழவில்லை. உன் அலமாரிக் கதவைத் திறந்தால் நீ நிற்பது போலவே இருந்தது, அதைத் தாங்க முடியாமல்தான் அத்தையின் பேச்சைச் சாக்காக வைத்து அவ்வளவு வேகமாகக் கட்டினேன் என்று அழுகையோடு அழுகையாக அப்பாவிடம் சொன்னேன். என்னுடைய வலியைச் சுத்தம் செய்கிறேன் என்று அவருடையதையும் அள்ளிக்கொண்டு போய்விட்டேன். அப்பா என் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார். போகிறவர்கள் பார்த்தார்கள்.

கதவு திறந்தது. ஹெருவின் கையில் அப்பாவின் தலையணை உறை இருந்தது. நனைந்து, சொட்டிக்கொண்டு, வெள்ளை வெளேரென்று. அப்பா அதைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஹெரு பதறிப்போய், "பெலும், பெலும்" என்றான். இன்னும் இல்லை, இன்னும் இல்லை. அக்குளில் இடுக்கியிருந்த பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினான். துணி பிரிக்கிற ஆள் உறையை உதறியிருக்கிறார். பச்சைத் துணி விழுந்திருக்கிறது. கலர்த் துணிக் கூடையில் போட்டிருக்கிறார். அடுத்த மெஷினுக்கு அதுதான் போக வேண்டியது.

அப்பா அங்கேயே பையைப் பிரித்தார். கஃப்தானின் கழுத்துப் பக்கத்தில் ரூம் நம்பர் எழுதிய சீட்டு குத்தியிருந்தது, அதை மட்டும் மெதுவாக எடுத்தார். பிறகு முகத்தைப் புதைத்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னிடமும் நீட்டினார். நானும் முகர்ந்தேன். அப்பாவின் தலையெண்ணெய் வாசம் இருந்தது. கொஞ்சம் புழுக்க வாசம். உன்னைத் தேடினேன் அம்மா, மூச்சு முட்டத் தேடினேன். நீ இல்லை.

"வாசம் இருக்காப்பா?" என்று பயந்துகொண்டே கேட்டேன். நான்தான் கெடுத்துவிட்டேனோ என்று பயம்.

"இல்லம்மா. அது போயி பல மாசம் ஆச்சு."

"அப்புறம் ஏன்ப்பா இவ்ளோ தூரம்…"

"தானா போனா போவட்டும்" என்றார். "நாம தொரத்தினதா இருக்கக் கூடாது."

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? ரூமுக்குத் திரும்பி நடந்தோம். மிச்ச எட்டு நாளும் அப்பா கப்பல்காரர்கள் தந்த உறையைப் போட்டுக்கொண்டு, அதற்குள்ளேயே உன்னை வைத்துக்கொண்டு தூங்கினார். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

இறங்குவதற்கு முந்தின மாலை, பெட்டிகளை வாசலில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். என் பெட்டியை மூடிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா தன் சட்டைகளைச் சுருட்டத் தெரியாமல் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் உறைக்குள் கை விட்டு உன் கஃப்தானை எடுத்து, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, என் மடியில் வைத்தார்.

"நீயே மடிச்சு வை. எனக்கு ஒழுங்கா வர மாட்டேங்குது."

ஒரு நாளைக்கு நூறு படுக்கைக்கு விரிப்பு மடிக்கிற கை இது அம்மா. ஒரு கஃப்தானை மடிக்க வராமல் இரண்டு தடவை பிரித்தது. நீ மடிப்பது போலவே அதன் கைப்பகுதியை உள்ளே திருப்பி, மூன்றாக மடித்தேன். அப்பா நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பையில் எங்கே வைக்கட்டும் என்று கேட்டுத்தான் வைத்தேன்.

அம்மா, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அப்பாவின் பை, அலமாரி, தலையணை எதையும் அவரைக் கேட்காமல் இனி என் கை திறக்காது. அவர் வாய் திறந்து பதில் சொல்லும் வரைக்கும் காத்துக்கொண்டு நிற்பேன், எவ்வளவு நேரமானாலும் நிற்பேன்.

உன்னை அவசர அவசரமாக மூட்டை கட்டிய உன் மூத்த மகள்,
பத்மா